பொறுமைக்குப் பேர்போன கொழும்பு

கொழும்புத் தமிழர்களின் பொறுமையைப் புகழ்ந்து யாராவது எழுதவேண்டும் என்று நெடுநாளாக எனக்கு ஓர் ஆசை. வெள்ளவத்தையில் இருந்தாலும் சரி, கொட்டாஞ்சேனையில் இருந்தாலும் சரி, உதைபந்தாட்டம் என்று வந்துவிட்டால் நம்மைப்போல் பொறுத்துப்போகிறவர்களை வேறெங்கும் காணமுடியாது. சான்றில்லாமல் புகழ்வது முகஸ்துதி ஆகிவிடும். ஆகையால் சான்றுகளிலிருந்தே தொடங்குகிறேன்.

1995இல் தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை மேலதிக நேரத்தில் ஒரே ஒரு கோலடித்து இந்தியாவை வென்றது. கொட்டாஞ்சேனைக்காரர்கள் நடந்தே போய்விடக்கூடிய சுகததாச அரங்கில் கிடைத்த வெற்றி அது. அன்று அந்தக் கோலுக்குத் துள்ளிக் குதித்த சிறுவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளைப் பாடசாலை அணியில் சேர்த்துவிடும் தகப்பன்மார். அடுத்த தெற்காசியக் கிண்ணம் இன்னும் வரவில்லை. முப்பது வருடம் போய்விட்டது. இதற்காக யாருடைய சட்டையையும் நாம் பிடித்ததில்லை. அடுத்த முறை பார்ப்போம் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறோம்.

2021இல் சூப்பர் லீக் என்று ஒன்று பெரும் ஆரவாரத்தோடு தொடங்கியது. நாட்டில் தொழில்முறை உதைபந்தாட்டம் வந்துவிட்டது என்றார்கள். ஒரு பருவம் நடந்து புளூ ஸ்டார் கழகம் கிண்ணத்தை எடுத்துப் போனதோடு சரி. அதையும் பொறுத்துக்கொண்டோம். 2023 ஜனவரி 21ஆம் திகதி, இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விவகாரங்களில் வெளியார் தலையீடு இருக்கிறது என்று ஃபிஃபா நம்மை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதிவரை இலங்கை என்ற பெயரில் எந்த அணியும் வெளிநாட்டு அணியொன்றோடு ஆட முடியவில்லை. சம்மேளனத் தேர்தலை வைத்துப் பெரியவர்கள் போட்ட சண்டைக்குப் பிள்ளைகள் ஏழு மாதம் வீட்டில் இருந்தார்கள். பதினாறு வயதுப் பையனுக்கு ஏழு மாதம் என்றால் என்னவென்று அவனுக்குத்தான் தெரியும். 211 நாடுகள் உள்ள ஃபிஃபா பட்டியலில் 200க்கும் கீழே நாம் கிடந்த காலத்திலும் வெள்ளவத்தைத் தேநீர்க் கடைகளில் பேச்சு அமைதியாகவே இருந்தது. என்ன செய்வது, நம்ம நாடு இப்படித்தான் என்று ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுக் கலைந்துபோனோம்.

சம்மேளனத்தைப் பொறுத்தோம், தலைவர்களைப் பொறுத்தோம், புல் முளைக்காத மைதானங்களைப் பொறுத்தோம். இவ்வளவு நீண்ட பொறுமைக்கு எல்லை எங்கே என்று தேடிப் பார்த்தேன். ஒரே ஓரிடத்தில்தான் அகப்பட்டது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஒரே ஆட்டத்தில் இரண்டு தரம் பந்தைத் தவறவிடும் இடம் அது.

கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பாடசாலை மைதானம் ஒன்றில் 16 வயதுக்குட்பட்டவர்களின் ஆட்டம். பெயர் வேண்டாம், வேறு எந்த மைதானத்திலும் இதைப் பார்க்கலாம். பின்னேர வெயில் இன்னும் தணியவில்லை. லைன் ஓரத்தில் தகப்பன்மாரும், வேலையிலிருந்து அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்த பழைய மாணவர்களும் நின்றார்கள். நடுப்பின்களத்தில் ஆடிய பையன் போன வருடம் குள்ளமாக இருந்தவன். காலில் ஒட்டிவைத்ததுபோல் பந்தைக் கொண்டுபோவான், கூட்டத்துக்குள் இருந்து தலையைத் தூக்கி யாரிடம் கொடுப்பது என்று பார்த்துக் கொடுப்பான். இந்த வருடம் ஒரேயடியாக உயர்ந்துவிட்டான். காற்சட்டை தொடையோடு ஏறி நின்றது, இடது முழங்காலில் கிரேப் பண்டேஜ் சுற்றியிருந்தது. பின்னாலிருந்து சாதாரணமாக வந்த பந்து அவன் பாதத்துக்குக் கீழால் உருண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் உயர்ந்து வந்த ஒரு பந்துக்கு ஒரு கணம் முந்தியே குதித்துவிட்டான். பந்து தலைக்கு மேலால் போய் எதிரணிக்காரனிடம் விழுந்தது. கோல்காப்பாளன் எப்படியோ காப்பாற்றிவிட்டான்.

“சேர், அந்த நெட்டையன எடுங்க சேர்! ரெண்டும் அவன் விட்டதுதான்!”

இதைச் சொன்னவர் நல்ல மனிதர். அந்த அணியின் ஜேர்சிகளுக்குக் காசு கொடுத்தவர்களில் ஒருவர். இருபது நிமிடம் ஆவதற்குள் பையனை வெளியே எடுத்தார்கள். பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தான். இடைவேளையில் தோடம்பழச் சுளைகள் தட்டில் வந்தபோது மற்றவர்கள் அள்ளி எடுத்தார்கள். அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்தி நிற்கும் இடத்தைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்திருந்தான். அணி 2–0 என்று வென்றது. நல்ல முடிவு சேர் என்று பயிற்றுநரின் தோளில் தட்டினார்கள்.

அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. அன்றைய ஆட்டத்துக்கு அது சரியான முடிவுதான். அன்றைய ஆட்டம் அன்று பின்னேரமே முடிந்துவிட்டது, அந்தப் பிள்ளையிடம் இன்னும் இருபது வருட ஆட்டம் இருந்தது. அடுத்த போட்டிக்கான பட்டியலில் அவன் பெயர் இல்லை. யாரும் அவனை ஏசவில்லை, நீ வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு காகிதத்தில் பெயர் வரவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் வாரம் அவன் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினான். ஏன் வரவில்லை என்றும் யாரும் கேட்கவில்லை. இவ்வளவு நாகரிகமாக ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவைக்க நம்மால்தான் முடியும்.

பயிற்றுநரையும் புகழாமல் விடக்கூடாது. நம் பாடசாலைகளில் உதைபந்தாட்டப் பயிற்றுநராக இருப்பது எளிய வேலையல்ல. பலருக்கு வருடத்துக்கு வருடம்தான் வேலை உறுதி. கிண்ணம் வந்தால் அடுத்த வருடமும் வா என்பார்கள், வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்கள். அதிபர் கேட்பார், பழைய மாணவர் சங்கம் கேட்கும், தகப்பன்மார் கேட்பார்கள். மூன்று பக்கத்திலிருந்தும் ஒரே கேள்விதான் வரும்: இந்த வருடம் என்ன கிண்ணம்? இந்தக் கேள்வியை ஆண்டாண்டாக முகம் கோணாமல் கேட்டுக்கொண்டிருப்பவரிடம் பொறுமை இல்லை என்று எவன் சொல்வான்? அவரிடம் இருக்கிற பொறுமை முழுவதையும் பெரியவர்கள் நாமே எடுத்துக்கொள்கிறோம், பையன்களுக்கு மிச்சம் வைப்பதில்லை.

அந்தப் பையனுக்கு என்ன நடந்தது என்பது மருத்துவம் படித்தவர்களுக்குப் புதிதல்ல. ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் பதின்மூன்று, பதினான்கு வயதையொட்டித்தான் மிக வேகமாக உயர்கிறார்கள். அந்த உச்சக் காலத்தில் ஒரே வருடத்தில் ஒன்பது, பத்துச் சென்ரிமீற்றர் கூடுவது சாதாரணம். சிலருக்கு அந்தக் காலம் பதினொன்றிலேயே வரும், சிலருக்குப் பதினாறிலும் வராது. முதலில் கால்தான் நீளும், உடம்பு பிறகுதான் அதை எட்டிப் பிடிக்கும். நேற்றுவரை பழகிய காலின் அளவு இன்று பொய்யாகிவிடுகிறது. பந்து எங்கே வரும், எப்போது குதிக்க வேண்டும் என்று மூளை போட்டுவைத்திருந்த கணக்கெல்லாம் புதிதாகப் போடப்பட வேண்டும். முழங்காலுக்குக் கீழே அவன் அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் வரும் வலிக்கு ஒஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். தொடைத் தசைநார் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பை இழுப்பதால் வருவது. ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் வளர்ச்சி முடியும்போது பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே போய்விடும். அதற்கு மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஒன்றிரண்டு வருடமும் ஆகலாம். கிண்ணம் கேட்கும் நமக்கு அவ்வளவு காலம் எங்கே இருக்கிறது?

ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருக்கும் இரண்டு பதினான்கு வயதுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பின் முதிர்ச்சியை எக்ஸ்ரேயில் பார்த்தால் இருவருக்கும் மூன்று, நான்கு வருட வித்தியாசம் இருக்கலாம். ஒருவன் மீசை முளைத்த ஆண், மற்றவன் இன்னும் குழந்தை. தெரிவுக்குழுவில் இருப்பவர்கள் கண் கூர்மையானவர்கள். ஆணையும் குழந்தையையும் நொடியில் பிரித்துவிடுவார்கள். வயதெல்லைப் போட்டிகளுக்கு ஜனவரி 1 என்பது உலகின் பல நாடுகளில் பழக்கத்தில் உள்ள எல்லை. ஃபிஃபாவின் 17 வயதுக்குட்பட்டோர் கிண்ணத்துக்கும் அதுதான். ஜனவரியில் பிறந்தவனும் அதே வருடம் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில்தான் ஆடுவார்கள். 1985இல் கனடாவின் பனி ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ரொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் ஆராய்ந்தபோது வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் குவிந்திருந்தார்கள். அதன்பிறகு உதைபந்தாட்டத்திலும் நாடு நாடாக அதையே கண்டிருக்கிறார்கள். உங்கள் பிள்ளை படிக்கும் பாடசாலையின் 14 வயதுக்குட்பட்ட அணிப் பட்டியலை எடுத்துப் பிறந்த மாதங்களைக் குறித்துப் பாருங்கள். தவறாமல் தெரிந்தெடுக்கிறார்கள் நம்மவர்கள், திறமையை அல்ல, ஜனவரி மாதத்தை.

இந்தக் கூர்மை நமக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் சொல்லிவிடவேண்டும். அன்ட்வான் கிரீஸ்மானைப் பிரான்சின் கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவம் சிறிது என்று திருப்பி அனுப்பின. எல்லை தாண்டிப்போய் ஸ்பெயினின் ரியல் சொசியதாத்தில் வளர்ந்தவர் 2018இல் பிரான்சுக்கே உலகக் கிண்ணம் வென்று கொடுத்தார். ஜேமி வார்டியைப் பதினாறு வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கழகம் வெளியே விட்டது. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சிறு கழகங்களில் ஆடியவர் இருபத்தைந்து வயதில் லெஸ்டருக்கு வந்து 2016இல் இங்கிலாந்துப் பிரீமியர் லீக் சாம்பியனானார். ஆனால் அவர்களுக்குப் போவதற்கு இன்னொரு இடம் இருந்தது. கொட்டாஞ்சேனையில் பதினாறு வயதில் பெயர் விடுபட்டவனுக்கு இருப்பது மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் ஃபுட்சால் கோர்ட். பத்துப் பேர் சேர்ந்து காசு போட்டு இரவில் ஒரு மணித்தியாலம் ஆடிவிட்டுப் போவார்கள். அங்கே போய்ப் பார்த்தால் பந்தை என்ன அழகாக ஆடுகிறார்கள் தெரியுமா! அவர்களில் எத்தனை பேர் ஒரு காலத்தில் பாடசாலை அணியில் இருந்தவர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

வெள்ளவத்தைப் பெற்றோருக்கு வருகிறேன். அவர்களுடைய பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன், மனதாரச் சொல்கிறேன். காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கைக்குள்ளும் பின்னேரம் போய்ப் பாருங்கள். டியூஷன் நடக்கும் வீட்டு வாசலில் தகப்பன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருப்பார், மழை வந்தாலும் போகமாட்டார். தாய் காருக்குள் பாண் சுற்றிய பொட்டலத்தை மடியில் வைத்திருப்பார், மகன் வெளியே வந்ததும் அடுத்த வகுப்புக்குப் போகும் வழியில் சாப்பிடட்டும் என்று. சாதாரண தரத்தில் கணிதம் சறுக்கினால் அடுத்த வருடம் எடுக்கலாம் மகன் என்பார்கள். உயர்தரத்தில் முதல் முறை பெறுபேறு சரியாக வராவிட்டால் செக்கன்ட் ஷை இருக்கிறது. அதுவும் சறுக்கினால் தேர்ட் ஷை. பல்கலைக்கழகத்துக்கு மூன்று தடவை முயலலாம் என்று அரசாங்கமே சொல்லிவைத்திருக்கிறது. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்று பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டே போகும், பெற்றோர் காத்திருப்பார்கள். சொந்தக்காரர் கேட்டால் செக்கன்ட் ஷைக்குப் படிக்கிறான் என்று தலைநிமிர்ந்து சொல்வார்கள். ஒரு பிள்ளையின் மூளை முதிர்வதற்கு இப்படிக் காத்திருக்கத் தெரிந்த சமூகம் உலகில் அதிகம் இல்லை.

அதே பிள்ளை பதினைந்து வயதில் மூன்று ஆட்டங்களில் பெஞ்சில் இருந்துவிட்டால், “உனக்கு இது சரிவராது மகன், இனி படிப்பைப் பார்” என்று ஒரே வசனத்தில் பூட்சை அலமாரிக்கு மேல் வைத்துவிடுவார்கள். உதைபந்தாட்டத்தில் செக்கன்ட் ஷை கிடையாது. காலும் மூளையைப்போல மெதுவாகத்தான் முதிர்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சனிக்கிழமைக் காலையில் பயிற்சியும் இருக்கும், இரசாயனவியல் வகுப்பும் இருக்கும். எது விடுபடும் என்று கேட்கத் தேவையில்லை. படிப்பை விடச் சொல்லவில்லை நான். இந்த நகரத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் படிப்பு என்றால் என்ன என்பதை 1983 இனக்கலவரத்தைக் கண்டவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வீடும் கடையும் எரிந்தபின் மிஞ்சியது சான்றிதழ் மட்டும்தான் என்று வளர்ந்த தலைமுறை அது. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பயத்துக்குக் கொடுத்த வருடங்களில் ஒரு சனிக்கிழமைக் காலையையாவது பிள்ளையின் காலுக்குக் கொடுத்திருக்கலாம்.

கொட்டாஞ்சேனையில் கதை வேறு. அங்கே தகப்பன் செட்டியார் தெருவில் ஏதாவது நகைக்கடையிலோ துறைமுகத்திலோ வேலை செய்வார். ஆட்டத்துக்கு வர நேரமிருக்காது. 2022இல் எல்லாப் பொருட்களும் விலை ஏறியபோது பூட்சும் ஏறியது. ஆகவே பிள்ளை வளருவான் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிக்கொடுப்பார். பூட்சுக்குள் நுனியில் பஞ்சை அடைத்து, இரண்டு சோடி காலுறை போட்டு ஆடும் பையன்களைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். குதிக்காலில் கொப்புளம் வெடித்திருக்கும். பந்து காலில் தங்கவில்லை என்று லைனில் நின்று கத்துகிறவர்களுக்கு அந்தப் பஞ்சு தெரியாது. தகப்பனும் மகனும் ஒரே சிக்கனத்தில் பொறுமை பழகுகிறார்கள்: அவர் விலை இறங்கும்வரை, இவன் கால் நிறையும்வரை. கால் நிறையும் வருடத்தில் பையன் அணியில் இருப்பதில்லை.

இந்தப் பக்கம் உதைபந்தாட்டத்துக்குப் புதிதும் அல்ல. 1865இல் தொடங்கிய சென் பெனடிக்ட்ஸ் கல்லூரி இங்கே இருக்கிறது, அதன் பழைய மாணவர்களின் கழகமும் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி 1884இல் தொடங்கிய ஹமீத் அல் ஹுசைனியா, மருதானையில் 1892இல் தொடங்கிய ஸாஹிரா. தேசிய லீக்கை வென்ற ரத்னம் கழகம் கொட்டாஞ்சேனையின் பிள்ளை. மூன்று மொழியிலும் ஏசத் தெரிந்த, மூன்று மொழியிலும் பந்து கேட்கத் தெரிந்த பையன்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை கிடைக்கும் ஊர். இவ்வளவு இருந்தும் தேசிய அணிக்கு ஆள் தேடி நாம் எங்கே போகிறோம் என்பதுதான் என் புகழுரையின் அடுத்த பகுதி.

2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்குள் நுழைந்தோம். 2025 ஜூனில் சீன தாய்ப்பேயை 3–1 என்று வென்றோம். அந்த இரவு எனக்கும் நெஞ்சு நிறைந்தது, மறைக்க மாட்டேன். அந்த அணியில் சுவீடனில் பிறந்து வளர்ந்த ஆதவன் ராஜமோகன் போன்றவர்கள், ஜேர்மனியில் வளர்ந்த கிளாடியோ கம்மர்க்னெக்ட் போன்றவர்கள் இருந்தார்கள். தாய் தகப்பனின் நாட்டுக்காக ஆட வந்த பிள்ளைகள். அவர்களை நான் கும்பிடுகிறேன். இங்கே நம் பொறுமையின் உச்சத்தைக் காணலாம். இருபது வருடம் காத்திருந்தோம், சுவீடன் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் பூட்ஸ் கொடுத்து, மழையில் பயிற்சி கொடுத்து, பதினாறு வயதின் தடுமாற்றத்தைத் தாங்கி, ஓர் ஆட்டக்காரனாக்கித் தரும்வரை. அந்த இருபது வருடத்தில் கொட்டாஞ்சேனையில் அவன் வயதுப் பையன்களை நாம் எத்தனை முறை இருபதாவது நிமிடத்தில் வெளியே எடுத்தோம்?

வெளிநாட்டுக்காரருக்கு என்ன தனி இரத்தமா? நோர்வேயில் 1987இல் சிறுவர் விளையாட்டுக்கான விதிகளை ஏற்றுக்கொண்டார்கள், 2007இல் புதுப்பித்தார்கள். அந்த நாட்டில் பிள்ளைக்குப் பதினொரு வயது ஆகும்வரை புள்ளிப்பட்டியலும் தரவரிசையும் கிடையாது. எவ்வளவு பயிற்சி, எந்த விளையாட்டு என்பதில் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கவேண்டும். ஒஸ்லோவில் வளரும் நம் சொந்தக்காரரின் பிள்ளைகளும் இந்த விதிக்குள்தான் ஆடுகிறார்கள். எர்லிங் ஹாலண்ட் வளர்ந்த பிறீன் என்ற சிறு ஊரில் அவரோடு பழகத் தொடங்கியவர்கள் ஏறக்குறைய நாற்பது பிள்ளைகள். திறமையானவன், திறமையற்றவன் என்று யாரையும் வெளியே தள்ளாமல் ஒன்றாகவே வைத்து வளர்த்தார்கள். ஹாலண்டும் அந்த வயதில் உயரமானவர் அல்ல, பதின்வயதின் பிற்பகுதியில்தான் நெடுநெடுவென்று வளர்ந்தார். பெல்ஜியத்தில் பிந்தி வளரும் பையன்களுக்கென்றே ஃபியூச்சர்ஸ் என்று இன்னொரு தேசிய இளையோர் அணி வைத்திருக்கிறார்கள். உடம்பு இன்னும் வரவில்லை, ஆட்டம் இருக்கிறது என்று கண்டால் அந்த அணியில் போட்டு ஆடவைப்பார்கள். இதில் பெரிய காசும் இல்லை, பெரிய விஞ்ஞானமும் இல்லை. ஒரு பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டியல். நாமோ ஒரு பட்டியலோடு திருப்தி அடையும் எளிமையானவர்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு இங்கே இடம் போதாது. அவர்களிடம் நம் பொறுமை தொடங்கவே இல்லை. கொழும்பில் தமிழ்ப் பாடசாலைப் பெண்பிள்ளை பந்து கேட்டால் அதற்கு எவ்வளவு காலம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள்.

பழைய மாணவர்களுக்குக் கடைசியாக வருகிறேன், ஏனென்றால் இவர்களிடம்தான் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. மைதானத்துக்கு ஒரு பார்வையாளர் மேடை கட்டவேண்டும் என்று தீர்மானித்தால் இவர்கள் விடுவதில்லை. இரவு விருந்து வைப்பார்கள், டிக்கெட் விற்பார்கள், லண்டனிலும் ரொறொன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருப்பவர்களிடம் தொலைபேசியில் பேசுவார்கள். அத்திவாரம் போட ஒரு வருடம், தூண் எழும்ப இன்னொரு வருடம், மாநகர சபை அனுமதிக்கு அதற்கு மேலும் ஒரு வருடம். கூரை போடாமல் நிற்கும் கட்டடத்தைப் பார்த்து, “இது சரிவராது, இடித்துவிடுவோம்” என்று ஒருவரும் சொல்வதில்லை. பத்து வருடமானாலும் அந்தச் சீமெந்து அவர்களுடைய பிள்ளை. கிரிக்கெட்டிலும் இவர்கள் இப்படித்தான்: தொடக்க ஆட்டக்காரன் பூச்சியத்தோடு திரும்பினால் அடுத்த மெச்சில் அடிப்பான் என்று தோளைத் தட்டுவார்கள். இருபது நிமிடத்தில் பெஞ்சுக்குப் போனவன் பக்கத்தில்தான் ஒருவரும் போய் உட்காருவதில்லை.

இந்தப் பொறுமையில் கால்பங்கு போதும். மேடைக்கு ஒதுக்கிய காசில் மூன்று வருடத்துக்கான ஒரு கடிதம் எழுதி அந்தப் பயிற்றுநரிடம் கொடுக்கலாம்: கிண்ணம் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் இருப்பீர்கள், பதினேழு வயது ஆகும்வரை எந்தப் பிள்ளையையும் பட்டியலிலிருந்து எடுக்கவேண்டாம், பதினெட்டுப் பேருக்குப் பதில் முப்பத்தாறு பேரை வைத்து இரண்டு அணியாக ஆடவிடுங்கள், இரண்டாவது அணிக்கும் ஆட்டம் பிடித்துக் கொடுங்கள், பூட்ஸ் அளவாக வாங்கித் தருகிறோம், முழங்கால் வலித்தால் மருத்துவரிடம் கூட்டிப் போகிறோம். அடுத்த பாடசாலையின் பழைய மாணவர்களும் இதையே செய்தால் இரண்டாவது அணிகளுக்குள்ளேயே ஒரு லீக் நடத்தலாம், அதற்குச் சம்மேளனத்தின் அனுமதிக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. கடிதத்தில் பழைய மாணவர் சங்கத் தலைவரும் அதிபரும் கையெழுத்து வைக்கட்டும். ஜேர்சிக்குக் காசு கொடுத்தவர்கள் முதல் வரிசையில் வந்து வைக்கட்டும்.